வாளியா, தண்ணீரா? விக்டோரியா கால இங்கிலாந்தின் எடுப்புக் கக்கூஸ்கள்

#1 கூடல்வாசகன்

லண்டனில் பொறியாளர் பாசல்ஜெட் கட்டிய பாதாளச் சாக்கடை 1865-லேயே ஓடத் தொடங்கிவிட்டது. ஆனால் மான்செஸ்டர், ராச்டேல், நாட்டிங்ஹாம் போன்ற ஊர்களில் 1890-கள் வரைக்கும் தொழிலாளர் வீடுகளில் பெரும்பாலும் எடுப்புக் கக்கூஸ்தான். நகராட்சி வண்டி வந்து நிறைந்த வாளியை எடுத்துக்கொண்டு காலி வாளியை வைத்துவிட்டுப் போகும். 1875-ன் பொதுச் சுகாதாரச் சட்டம் வந்த பிறகும் இது எப்படி நீடித்தது? செலவழிக்க மனமில்லையா, அல்லது வேறு தடை இருந்ததா? "அந்தக் காலத்தில் சுகாதார உணர்வு இல்லை" என்கிற பொதுப் பதில் எனக்குப் போதவில்லை. சட்டம், குழாய், தண்ணீர் என்று தனித்தனியாகத் தெரிந்தவர்கள் எழுதினால் நல்லது.

#2 பழஞ்சட்டம்

சட்டத்தின் வாசகமே வாளிக்கு இடம் கொடுத்தது. 1875 சட்டத்தின் 35, 36-ஆம் பிரிவுகளைப் படியுங்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் "போதுமான" தண்ணீர்க் கழிப்பறையோ, மண் கழிப்பறையோ (மலத்தின் மேல் உலர்மண் கொட்டுவது), அல்லது சாம்பல் குழியோடு கூடிய சாதாரணக் கக்கூஸோ இருக்க வேண்டும். இந்த மூன்றில் எது இருந்தாலும் சட்டம் நிறைவேறிவிடும். புதிதாக வீடு கட்டுகிறவர் இவற்றில் ஒன்றுகூட வைக்காவிட்டால் 20 பவுண்டு வரை அபராதம். அவ்வளவுதான்.

இன்னொன்று 23-ஆம் பிரிவு. வீட்டிலிருந்து 100 அடிக்குள் பொதுச் சாக்கடை இருந்தால், வீட்டுக் கழிவுநீர்க் குழாயை அதில் சேர்க்கச் சொல்லி உரிமையாளரைக் கட்டாயப்படுத்தலாம். ஆனால் இது அங்கணத் தண்ணீர், மழைத் தண்ணீருக்கும் சேர்த்து எழுதியது. ஆகவே ஒரே வீட்டில் அங்கணத் தண்ணீர் பாதாளச் சாக்கடைக்கும், மலம் வாளிக்கும் போவது முழுக்கச் சட்டப்படியானதே. இதைக் கவனிக்காமல் பலர் "சாக்கடை இருந்தது, ஆகவே தண்ணீர்க் கழிப்பறை இருந்தது" என்று எழுதிவிடுகிறார்கள்.

கடனுக்கும் வரம்பு உண்டு. உள்ளாட்சி வாங்கும் மொத்தக் கடன் அந்தப் பகுதியின் இரண்டு வருட வரிமதிப்பைத் (வரி போட எடுத்துக்கொள்ளும் சொத்து மதிப்பைத்) தாண்டக் கூடாது. அதிகபட்சம் 60 வருடத்தில் கட்டி முடிக்க வேண்டும். சிறிய வீடுகள் நிறைந்த ஆலை ஊரில் வரிமதிப்பு குறைவு, ஆட்கள் அதிகம். கடன் எவ்வளவு கிடைக்கும் என்பது அங்கேயே தீர்ந்துவிடுகிறது.

#3 நீர்வழி

பழஞ்சட்டம் சொன்னதோடு ஆற்றையும் சேர்க்க வேண்டும். லண்டனுக்குக் கடல் ஏற்ற இறக்கம் உள்ள தேம்ஸ் இருந்தது. ஆற்றுக்கு இணையாகப் பெருங்குழாய்களைப் போட்டு, வடகரையில் பெக்டனிலும் தென்கரையில் கிராஸ்னெஸ்ஸிலும் கழிவைத் தேக்கி, கடல் வடியும்போது திறந்துவிட்டார்கள். சுத்திகரிப்பு என்று ஒன்றும் இல்லை. இடத்தை மாற்றினார்கள், அவ்வளவே. மான்செஸ்டருக்கு அந்த வழியும் கிடையாது. இர்வெல், இர்க், மெட்லாக் மூன்றும் சின்ன ஆறுகள், வழிநெடுக ஆலைகள். ஊர் மலம் முழுவதையும் அதில் விட்டால் ஆறு நகராது.

1876-ல் ஆற்று மாசுத் தடைச் சட்டம் வந்தது. அதில் ஓட்டைகள் நிறைய இருந்தாலும், புதிதாகக் கழிவைத் திருப்பிவிடும் நகராட்சியைக் கீழ்க்கரை ஊர் வழக்குக்கு இழுக்கலாம் என்ற பயம் இருந்தது.

அடுத்தது தண்ணீர். ஐந்து பேர் உள்ள வீட்டில் ஆளுக்கு இரண்டு தடவை, தடவைக்கு 2 கேலன் (சுமார் 9 லிட்டர்) என்றாலும் நாளுக்கு 20 கேலன். லட்சம் வீட்டுக்கு 20 லட்சம் கேலன், கழிப்பறைக்கு மட்டும். மான்செஸ்டருக்கு லாங்டென்டேல் பள்ளத்தாக்கின் நீர்த்தேக்கங்கள் இருந்தன. ஆலைகளும் வீடுகளும் அதிலேயே முட்டி மோதிக்கொண்டிருந்தன. தர்ல்மியர் ஏரியிலிருந்து 96 மைல் கால்வாய் வழியாகத் தண்ணீர் வந்தது 1894-ல். டேவிஹூம் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் தொடங்கியதும் அதே 1894-ல். இரண்டும் ஒரே வருடத்தில் வந்ததைத் தற்செயல் என்று தள்ளிவிடாதீர்கள். கொண்டுவரத் தண்ணீரும் கொண்டுபோய்ச் சேர்க்க இடமும் இரண்டும் கிடைத்த பிறகுதான் அங்கே வாளியை எடுக்க முடிந்தது.

#4 செங்கல்காரை

வாளியைத் திட்டுவதற்கு முன் அதற்கு முந்தையது என்ன என்று பாருங்கள். கொல்லையில் ஒரு குழி. அதில் மலம், அடுப்புச் சாம்பல், காய்கறிக் கழிவு எல்லாம் ஒன்றாக விழும். குழிக்குச் செங்கல் சுவர் இருந்தாலும் அடித்தளம் பெரும்பாலும் வெறும் மண். மாதக்கணக்கில் அள்ள மாட்டார்கள். மழை பெய்தால் நிரம்பிப் பக்கத்து வீட்டுச் சுவரில் ஊறும். முதுகோடு முதுகு ஒட்டிக் கட்டிய வீடுகளில் அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு குடும்பம் படுத்திருக்கும். இந்த நிலையிலிருந்து பார்த்தால் வாளி பெரிய முன்னேற்றம்.

ராச்டேல் முறை இப்படி: பெட்ரோலியம் வந்த மரப்பீப்பாயைக் குறுக்கே பாதியாக அறுத்துத் தொட்டியாக்கினார்கள். உட்காரும் பலகைக்கு நேர் கீழே, இடைவெளி இல்லாமல் அது பொருந்த வேண்டும். கொல்லைப் பக்கம் ஒரு சின்னக் கதவு, எடுப்பவருக்கு. வாரம் ஒரு முறை இறுக்கமான மூடி போட்டு எடுத்து, கழுவி மருந்திட்ட தொட்டியை வைத்துவிட்டுப் போவார். சாம்பலுக்குத் தனித் தொட்டி. மான்செஸ்டரில் துத்தநாகம் பூசிய இரும்பு வாளி, கூடவே சாம்பல் சலிக்கும் சல்லடை. பொடிச் சாம்பல் வாளிக்குள் விழுந்து ஈரத்தை இழுக்கும். பெரிய கரித்துண்டு மேலே தங்கும், திரும்ப அடுப்புக்குப் போகும். ஹாலிஃபாக்ஸில் கூ (Goux) என்பவர் பெயரிலான முறை: காலித் தொட்டிக்குள் ஓர் அச்சை வைத்து, சுற்றிலும் கம்பளி ஆலைக் கழிவு, மரத்தூள், உமி போன்றவற்றை இறுக்கி அடைத்து, அச்சை உருவிவிடுவார்கள். ஈரம் உறிஞ்சும் கூடு போல ஆகிவிடும்.

எங்கே கெடும்? முதலாவது, பெண்கள் இரவுச் சிறுநீரையும் கழுவிய தண்ணீரையும் அதிலேயே ஊற்றுவார்கள், ஏனென்றால் வேறு ஊற்ற இடமில்லை. கூ முறையின் உறிஞ்சும் கூடு இரண்டாம் நாளே தோற்றுவிடும். இரண்டாவது, மரத்தொட்டியின் பலகைகள் ஊறி இடுக்கு வழியாகக் கசியும். மூன்றாவது, ஒரு வாரம் எடுக்கத் தவறினால் நிரம்பி வழியும். வழிந்தது வாளி வைக்கும் தரையில் தங்கும், அதை யாரும் கழுவுவதில்லை. நான்காவது, வாளி வீட்டு முற்றத்தின் வழியாகவோ குறுகிய சந்து வழியாகவோதான் தெருவுக்கு வர வேண்டும். சிந்தினால் குழந்தைகள் விளையாடும் இடம்.

உரம் விற்று லாபம் பார்க்கலாம் என்ற கணக்கும் பொய்த்தது. அள்ளியதில் மிகப் பெரும் பங்கு தண்ணீர். அதைச் சுமக்க வண்டிக்கூலி. 1840-களிலேயே பெரு நாட்டுக் குவானோ (கடற்பறவை எச்சம்) உரம் வந்துவிட்டது, பிறகு சூப்பர் பாஸ்பேட். மூட்டையில் உலர்ந்து வருவதை விட்டுவிட்டு விவசாயி ஈரக் கழிவை எதற்கு வாங்குவார்? கடைசியில் மான்செஸ்டர் நகராட்சி 1886-ல் காரிங்டன் மாஸ் என்ற சதுப்பு நிலத்தையே விலைக்கு வாங்கி அங்கே கொட்டியது.

#5 எண்கணக்கு

இந்த விவாதத்தைத் தீர்க்கும் எண்கள் நாட்டிங்ஹாமில் இருக்கின்றன. அங்கே சுகாதார அலுவலராக இருந்த பூபியர் 1887 முதல் 1896 வரை பத்து வருட டைபாய்டு நோயாளிகளை வீட்டின் கழிப்பறை வகைப்படி பிரித்தார்.

குழிக் கக்கூஸ் உள்ள வீடுகளில் 37-க்கு ஒன்றில் டைபாய்டு.
வாளி உள்ள வீடுகளில் 120-க்கு ஒன்றில்.
தண்ணீர்க் கழிப்பறை உள்ள வீடுகளில் 558-க்கு ஒன்றில்.

ஆயிரம் வீட்டுக்கு என்று மாற்றினால் 27, 8, 2. வாளி முன்னேற்றம் என்று செங்கல்காரை சொன்னது சரி. ஆனால் அந்த முன்னேற்றத்தோடு நின்ற ஊர்கள், தண்ணீர்க் கழிப்பறையை விட நான்கரை மடங்கு அதிக டைபாய்டை ஏற்றுக்கொண்டன. இது எனக்குச் சாதாரண விஷயமாகத் தெரியவில்லை.

#6 மெய்ப்பொருள்

எண்கள் சரி, ஆனால் முடிவுக்கு அவசரப்படாதீர்கள். தண்ணீர்க் கழிப்பறை இருந்தது யார் வீட்டில்? வாடகை அதிகம் கொடுக்கக்கூடியவர் வீட்டில். அங்கே ஓர் அறைக்கு ஆட்கள் குறைவு, பால் நல்லது, வேலைக்காரர் உண்டு. குழிக் கக்கூஸ் இருந்தது மிக ஏழைகள் வீட்டில். டைபாய்டு வேறுபாட்டில் எவ்வளவு கழிப்பறையால், எவ்வளவு வறுமையால் என்று இந்த மூன்று எண்ணை வைத்துப் பிரிக்க முடியாது.

#7 எண்கணக்கு

நியாயமான கேள்வி. முழுக்கப் பிரிக்க முடியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் குழிக்கும் வாளிக்கும் உள்ள வித்தியாசத்தைப் பாருங்கள். இரண்டும் ஏழைகள் வீட்டில்தான். அங்கேயே 37-க்கும் 120-க்கும் இடையில் மூன்று மடங்கு. வறுமையைக் கொண்டு மட்டும் அதை விளக்குவது கடினம்.

வழியும் தெரிந்ததுதான். மலம் முற்றத்து மண்ணில் சேர்கிறது, ஈ அதில் உட்கார்ந்து வந்து சமையலறையில் உட்கார்கிறது, குழந்தை மண்ணில் கையை வைத்து வாயில் வைக்கிறது. லெஸ்டரில் ஒவ்வொரு கோடையிலும் கைக்குழந்தைகள் வயிற்றுப்போக்கில் கொத்துக்கொத்தாகச் செத்தன. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பொது இறப்பு விகிதம் 1870-களிலிருந்து இறங்கியது. சிசு மரணம் மட்டும் இறங்கவில்லை. 1899-ல் பிறந்த ஆயிரத்துக்கு 163. சாக்கடைக்கும் குடிநீருக்கும் அத்தனை பணம் கொட்டிய பிறகு இந்த நிலை. நீண்ட ரப்பர் குழாய் வைத்த பால்புட்டிக்கும் இதில் பங்கு உண்டு: குழாயின் உட்புறத்தைத் தேய்த்துக் கழுவ வழியே இல்லை, பால் உள்ளே திரிந்து தங்கும்.

#8 செங்கல்காரை

தண்ணீர்க் கழிப்பறை வந்தாலே பாதுகாப்பு என்றும் நினைக்க வேண்டாம். க்ராய்டன் 1848 பொதுச் சுகாதாரச் சட்டத்தின் கீழ் முதலில் உள்ளூர்ச் சுகாதார வாரியம் அமைத்த ஊர்களில் ஒன்று. புதுக் குடிநீர், புதுச் சாக்கடை. 1852 இறுதியில் ஊர் முழுக்கக் காய்ச்சல். விசாரிக்க ஆர்னாட், பேஜ் என்ற இருவரை அரசு அனுப்ப வேண்டியதாயிற்று. சுகாதாரச் சீர்திருத்தவாதி சாட்விக் வலியுறுத்திய குறுகிய சுடுமண் குழாய்கள் அடைத்துக்கொண்டன. அடைப்பை எடுக்க மண்ணைத் தோண்டி, குழாயை உடைத்து, தெருவெங்கும் கழிவைத் திறந்துவிட்டார்கள். குறுகிய குழாய் என்ற யோசனை தவறில்லை. வேலை மோசம்.

வீட்டுக் குழாய் போடும் முறை நூற்றாண்டுக் கடைசியில் நிலைபெற்றது. 4 அங்குலக் குழாய்க்கு 40-க்கு 1 வாட்டம், 6 அங்குலத்துக்கு 60-க்கு 1, 9 அங்குலத்துக்கு 90-க்கு 1. அதாவது 4 அங்குலக் குழாய் 40 அடி ஓடினால் ஓர் அடி இறங்க வேண்டும். பெரிய குழாய் போட்டால் பாதுகாப்பு என்று மேஸ்திரிகள் நினைத்து 9 அங்குலம் போடுவார்கள். ஒரே வீட்டின் தண்ணீர் அதில் மெல்லிய படலமாக ஓடும், மலம் தங்கிவிடும்.

குழாயின் அகன்ற வாய் மேட்டுப் பக்கம் பார்க்க வேண்டும். வேலையைப் பள்ளத்திலிருந்து தொடங்க வேண்டும். கான்கிரீட் படுகை போட்டு, ஒவ்வொரு வாய்க்கும் கீழே கை நுழையும் அளவு பள்ளம் விட வேண்டும். விடாவிட்டால் குழாயின் முழு எடையும் வாய் விளிம்பில் உட்கார்ந்து விரிசல் விழும். அந்தப் பள்ளம் இல்லாமல் இணைப்பின் அடிப்பக்கத்துக்குக் காரை பூசவும் முடியாது. மேலே பளபளவென்று பூசிய இணைப்பு அடியில் திறந்தே கிடக்கும். முதலில் தார் தோய்த்த சணலை இடுக்கில் திணித்து, பிறகு போர்ட்லண்ட் சிமெண்ட். சணல் இல்லாமல் பூசினால் காரை உள்ளே பிதுங்கி, காய்ந்து, ஒரு வரம்பு போல நின்றுவிடும். அதில்தான் முதல் துணி மாட்டும். ஆரம்ப காலத்தில் வெறும் களிமண் இணைப்பு. அது நீரில் கரைந்து போகும்.

#9 கூடல்வாசகன்

புதைத்த குழாய் கசிகிறதா என்று சானிட்டரி இன்ஸ்பெக்டர் எப்படிக் கண்டுபிடித்தார்? தோண்டித்தான் பார்க்க வேண்டுமா?

#10 செங்கல்காரை

மூன்று வழி. புதினா எண்ணெய்ச் சோதனை: ஒருவர் கூரைக்கு ஏறி, மலக்குழாயின் காற்றுப் போக்கி வாயில் இரண்டு அவுன்ஸ் புதினா எண்ணெயை ஊற்றி, உடனே ஒரு வாளி வெந்நீர் விட்டு, வாயை ஈரத்துணியால் அடைப்பார். எல்லா ஜன்னலும் மூடியிருக்க வேண்டும். வீட்டுக்குள் இன்னொருவர் அறை அறையாக முகர்ந்து பார்ப்பார். எண்ணெயைத் தொட்டவர் சோதனை முடியும்வரை கீழே வரக் கூடாது. வந்தால் அவர் சட்டை வாசமே வீடு முழுக்கப் பரவி எல்லாம் பாழ். புட்டியை வீட்டுக்குள் திறந்தவர்கள் ஓட்டையில்லாத குழாயைத் தோண்டியதும் உண்டு.

புகைச் சோதனை: எண்ணெய்ப் பஞ்சை எரித்துத் துருத்தியால் குழாய்க்குள் புகை விடுவது. தரைக்கு மேலே உள்ள ஓட்டையைக் கண்ணால் காட்டும். புதைந்த பகுதிக்குத் தண்ணீர்ச் சோதனைதான்: கீழ் முனையை அடைத்து, மேல் முனை வரை நிரப்பி, குறி வைத்து, மட்டம் இறங்குகிறதா என்று பார்ப்பது. புதுக் காரை இறுகும்வரை காத்திருந்து செய்ய வேண்டும். பழைய குழாய்கள் இதில் அநேகமாகத் தேறுவதில்லை.

முற்றத்து மணி வடிவ நீர்ப்பூட்டையும் (தேங்கிய தண்ணீரால் சாக்கடைக் காற்றைத் தடுப்பது) சொல்ல வேண்டும். அதன் சல்லடை மூடியோடு மணியும் ஒட்டியிருக்கும். தண்ணீர் மெதுவாகப் போகிறதென்று மூடியைத் தூக்கினால் மணியும் கூடவே வந்துவிடும், பூட்டு போயிற்று. சாக்கடைக் காற்று நேரே சமையலறை வாசலுக்கு.

#11 நீர்வழி

தண்ணீர் பக்கத்திலிருந்து ஓர் ஆபத்து. கழிப்பறைக் கோப்பையைத் தெருக் குழாயோடு நேரே இணைத்து, இடையில் ஒரு வால்வு மட்டும் வைத்த வீடுகள் இருந்தன. தெருக் குழாயில் தண்ணீர் நிற்கும்போது அழுத்தம் போய், உள்ளே இழுப்பு ஏற்படும். வால்வு சரியாக மூடாவிட்டால் கோப்பைக் காற்றும் அழுக்கும் குடிநீர்க் குழாய்க்குள் போகும். 1873-ல் கேம்பிரிட்ஜின் கீஸ் கல்லூரியில் வந்த டைபாய்டை ஆராய்ந்த புக்கானன் இந்த வழியைத்தான் காரணமாகக் காட்டினார். கழிப்பறைக்குத் தனிச் சிறுதொட்டி வேண்டும் என்ற விதியின் அருமை இதுதான். வீண்செலவைத் தடுக்க மட்டும் வைத்தது என்று பலர் நினைக்கிறார்கள்.

அந்தத் தொட்டியை லண்டனில் 2 கேலனுக்குக் கட்டுப்படுத்தினார்கள். அப்போது பரவலாக விற்ற கோப்பை வகையில் மலம் ஒரு தட்டையான நீர்ப்பரப்பில் விழும். அதை விளிம்பு தாண்டித் தள்ளுவதிலேயே நீரின் வேகம் தீர்ந்துவிடும், கீழே பூட்டில் தேங்கும். நேர் செங்குத்தாக நீர்ப்பூட்டுக்குள் விழும் கோப்பை வந்த பிறகு அதே 2 கேலன் ஓரளவு போதியது.

#12 வடகரை

இரண்டுக்கும் நடுவே சில வழிகள் இருந்தன, யாரும் சொல்லவில்லை. லிவர்பூலின் பொது முற்றங்களில் நீள்தொட்டிக் கழிப்பறை: பல இருக்கைகளுக்கு அடியில் ஒரே நீளத் தொட்டி, பாதி தண்ணீர். முனையில் அடைப்பான். அதைத் திறக்கும் சாவி நகராட்சி ஆளிடம் மட்டும். தினமும் வந்து திறந்து, குழாய் நீரால் அடித்து, திரும்ப நிரப்பிவிட்டுப் போவார். குடியிருப்பவர் உடைக்க ஒரு பாகமும் இல்லை என்பது அதன் பலம். இரண்டு வருகைக்கு நடுவே நாற்றம், ஒரு துணி அடைத்தால் எல்லோருக்கும் சிரமம் என்பது பலவீனம்.

பர்ன்லி பக்கம் கவிழ்தொட்டி: அங்கணத் தண்ணீர் ஒரு சாய்ந்த கிண்ணத்தில் சேர்ந்து, நிறைந்ததும் தானே கவிழ்ந்து கழிப்பறையின் ஆழக் குழாயை அடித்துச் செல்லும். நல்ல தண்ணீர் ஒரு சொட்டு செலவில்லை. ஆனால் எப்போது கவிழும் என்பது நம் கையில் இல்லை. துணி துவைக்கும் நாளில் ஓயாமல் கவிழும், மற்ற நாளில் மலம் கிடக்கும்.

#13 மெய்ப்பொருள்

மண் கழிப்பறையும் சட்டத்தில் இருக்கிறதே. ஃபோர்டிங்டன் பாதிரியார் ஹென்றி மூல் 1860-ல் காப்புரிமை வாங்கியது. ஒவ்வொரு முறையும் ஒன்றரை பைண்ட் (8 பைண்ட் ஒரு கேலன்) உலர்ந்த சலித்த மண் விழ வேண்டும். மணல் ஆகாது, களி கலந்த மண்தான் நாற்றத்தைப் பிடிக்கும். ஆறு பேர் வீட்டில் ஆளுக்கு ஒரு தடவை என்றாலே நாளுக்கு ஒரு கேலனுக்கு மேல் உலர்மண். மான்செஸ்டர் இருந்த லங்காஷயர் மாவட்ட மழையில் அதை எங்கே உலர்த்துவது? சிறை, முகாம் போன்ற கட்டுப்பாடுள்ள இடங்களில்தான் நன்றாக நடந்தது. இந்தியச் சிறைகளுக்கும் அந்த வழியாகத்தான் வந்தது.

நம் ஊரோடு ஒப்பிடுகிறவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. மான்செஸ்டரில் வாளி எடுத்தவர் நகராட்சிக் கூலியாள். அவர் மகன் வேறு வேலைக்குப் போகலாம். இங்கே எடுப்புக் கக்கூஸ் பிறப்போடு கட்டப்பட்ட வேலையாக்கப்பட்டது. அதைத் தடைசெய்ய 1993-லும் 2013-லும் சட்டம் போட வேண்டியிருந்தது.

#14 கூடல்வாசகன்

நன்றி. ஒன்று மட்டும் பாக்கி. 1894-க்குப் பிறகு மான்செஸ்டர் மாதிரி நகராட்சி "இனி எல்லா வீட்டிலும் தண்ணீர்க் கழிப்பறை" என்று ஒரே தீர்மானம் போட்டு முடித்திருக்கலாமே?

#15 பழஞ்சட்டம்

1875 சட்டத்தை மட்டும் வைத்து முடியாது. 36-ஆம் பிரிவுப்படி, ஒரு குறிப்பிட்ட வீட்டைப் பற்றிப் பொறியாளரோ இன்ஸ்பெக்டரோ அறிக்கை தர வேண்டும். அந்த வீட்டில் இருப்பது "போதுமானதாக" இல்லை என்று நகராட்சிக்குத் தோன்ற வேண்டும். பிறகு உரிமையாளருக்கோ குடியிருப்பவருக்கோ எழுத்து மூலம் அறிவிப்பு, நியாயமான அவகாசம். செய்யாவிட்டால் நகராட்சியே செய்து செலவை உரிமையாளரிடம் வசூலிக்கலாம். அல்லது தனியார் மேம்பாட்டுச் செலவு என்று அறிவித்து, 5 சதவீதத்துக்கு மிகாத வட்டியோடு 30 வருடம் வரை தவணையாக வாங்கலாம். கழிப்பறையை இரண்டு மூன்று வீடுகள் பொதுவாகப் பயன்படுத்தினால், அது போதும் என்று நகராட்சி கருதும்வரை வீட்டுக்கு ஒன்று கேட்க வேண்டியதும் இல்லை. ஒட்டுமொத்தத் தீர்மானத்தோடு நீதிமன்றத்துக்குப் போனால் வீட்டுக்காரர் பக்கம்தான் பலம். ஊர் முழுக்க மாற்ற நினைத்த நகராட்சி தனியாக உள்ளூர்ச் சட்டம் ஒன்றை நாடாளுமன்றத்தில் வாங்க வேண்டும், அல்லது பாதிச் செலவைத் தானே ஏற்று உரிமையாளரைச் சம்மதிக்க வைக்க வேண்டும். இரண்டும் இல்லையென்றால் ஒரு வீடு, ஓர் அறிக்கை, ஓர் அறிவிப்பு என்று ஒவ்வொன்றாகத்தான் போக வேண்டும்.